பெரியப்பாவின் இருமல்

"பெரியப்பா, வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவர் வந்திருக்கார். உள்ள வரச் சொல்லவா?"

கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெண் உள்பக்கம் திரும்பிக் கேட்டாள்.

உள்ளேயிருந்து ஓர் இருமல் வந்தது. அனுமதி கிடைத்த மாதிரி அவள் கதவுச் சங்கிலியை எடுத்துவிட்டாள்.

ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, பையிலிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு அது இல்லாமல் ஆகாது. பெரியவர் இருக்கிற வீடாயிற்றே என்று சட்டைக் காலரையும் சரிசெய்துகொண்டேன்.

கூடத்தில் பெரியவர் யாரும் இல்லை. பழைய போர்வையின் மேல் ஒரு கிழட்டு நாய் நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்து இன்னொரு முறை இருமியது.

எனக்கு நாய் என்றால் பயம். வீடு வீடாகப் போகிற தொழிலில் பயந்தால் பிழைப்பு ஓடாது. அதனால் போனதும் பேரைக் கேட்டு வைத்துக்கொள்வேன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் எப்பேர்ப்பட்ட நாயும் கடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கும். அப்புறம், அந்தப் பேர் எப்படி வந்தது என்றும் கேட்டுவிடுவேன். அது பழக்கதோஷம்.

ஒரு வக்கீல் வீட்டு நாய்க்குப் பேர் ஜாமீன். அவர் முதன்முதலாக வெளியே எடுத்துவிட்ட ஆள் நன்றிக்குக் கொண்டுவந்து கொடுத்த குட்டியாம். இன்னொரு வீட்டில் ரிமோட். எப்போது தேடினாலும் சோபாவுக்கு அடியில்தான் கிடைக்குமாம். வீட்டுக்குப் போனதும் அன்றைய பேரை மனைவியிடம் சொல்வேன். அவள் சிரித்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

ஆனால் நாய்க்குப் பெரியப்பா என்று பேர் வைத்த வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் வாங்க, போங்க என்று மரியாதை வேறு. அவர் ஒன்றும் செய்யமாட்டார், தைரியமாக வாங்க என்றாள்.

மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டே, நிஜப் பெரியப்பாவோடு சொத்துத் தகராறா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. காப்பகத்தில் குரைக்காத நாயாகக் கேட்டு எடுத்துவந்தது என்றாள். வயசாகிவிட்டது, எழுந்து நின்றாலே இருமும், அதனால் யாரும் அதைச் சீண்டவில்லை. அந்த இருமலைக் கேட்டதும் இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம்.

குரைக்காத நாயை யாராவது தேடி வாங்குவார்களா? ஓடாத கடிகாரத்தைப் பார்த்து வாங்கிய கதைதான். என் வாய் சும்மா இருக்குமா, அதை அவளிடம் சொல்லியும்விட்டேன்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, வீட்டு ஆள் தட்டுகிற உரிமையோடு.

அவள் கையிலிருந்த வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். முகம் வெளிறிவிட்டது. என் பக்கம் குனிந்து, உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

"வேலை முடிஞ்சு வரும்போதெல்லாம் பின்னாடியே வர்றான். ஏற்கெனவே ஒரு வீடு மாத்திட்டேன். தனியா இருக்கேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

பிறகு நிமிர்ந்து, படிக்கட்டு முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, யாரோ கதவத் தட்டுறாங்க. கொஞ்சம் என்னன்னு பாக்குறீங்களா?"

நாய் முன்னங்காலை ஊன்றியது. பின்னங்காலை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது. நின்று இருமியது.

தூக்கத்தைக் கெடுத்தவனை ஒரு கை பார்க்கலாம் என்று எழுந்து வருகிற கிழவரின் இருமல் அது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தால் நானே வணக்கம் சொல்லியிருப்பேன்.

வெளியே சத்தமில்லை. வாசலில் என் ஷூ கிடப்பது நினைவுக்கு வந்தது. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துக் காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

அவள் சுவரோரம் உட்கார்ந்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். கடிகாரம், கதை என்று பேசிய வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

மிச்ச வேலையை முடித்தேன். புறப்படும்போது கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து உரக்கச் சொன்னேன்.

"அப்ப நான் வரேங்க பெரியப்பா. இருமலுக்கு மருந்து சாப்பிடுங்க."

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அது எழுந்து நின்று பதில் சொன்னது.

ரப்பர் செருப்போடு படியிறங்கினேன். எதிர்க்கடையோரம் ஒருவன் போனைப் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு அண்ணாந்து அவள் ஜன்னலைப் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

வீட்டில் மனைவி ஷூ எங்கே என்றாள். நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போகட்டும், அந்த நாய்க்கு என்ன பேர் என்று ஆசையாகக் கேட்டாள்.

கேட்க மறந்துவிட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை.

உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்க்கடையோரம் நின்றவனுக்கும் காது இருக்கிறது. அந்த வீட்டில் பழுதானது வாஷிங் மெஷினும் இல்லை, நான் கேட்டது இருமலும் இல்லை.

நாயின் பேர் பெரியப்பாவும் இல்லை.