தொகுதி ஏழு, பக்கம் நானூற்றுப் பதினொன்று

"தொகுதி ஏழு, பக்கம் நானூத்திப் பதினொண்ணுங்க ஐயா," என்றார் சீனியர், நீதிபதியைப் பார்த்து.

கையில் காகிதம் இல்லை. அவருக்குத் தேவைப்படாது.

அந்தக் கட்டடத்தில் அவருக்கு நடமாடும் நூலகம் என்று பெயர். பழைய தீர்ப்புகளையெல்லாம் எண்ணாகவே மனதில் வைத்திருப்பார். ஆண்டு, தொகுதி, பக்கம். யார் யார்மேல் போட்ட வழக்கு என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது.

"பேரு கட்சிக்காரனுக்கு. நமக்கு நம்பர்தாம்மா," என்பார்.

அவர் சொல்லும் எண்ணை இணையத் தீர்ப்புத் தளத்தின் மூன்று கட்டங்களில் அடித்து, வருகிற தீர்ப்பை அச்சிட்டுக் கோப்பில் வைப்பது ஜூனியரான என் வேலை.

இன்றைய வழக்கு, இறந்துபோன அண்ணனின் வீட்டிலிருந்து அண்ணியைக் காலி செய்யச் சொல்லித் தம்பி போட்டது. தம்பி எங்கள் கட்சிக்காரர். அண்ணி பின்வரிசையில், வீட்டுச் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழு, நானூற்றுப் பதினொன்று என்பது சீனியர் இளவயதில் தானே வாதாடி ஜெயித்த வழக்கு. பத்திரத்தில் பெயர் இல்லாத விதவைக்குக் கணவன் வீட்டில் தங்க உரிமை கிடையாது என்கிற தீர்ப்பு. இந்த மாதிரி வழக்கு எது வந்தாலும் அதைத்தான் எடுத்துப் போடுவார். எதிர்த்தரப்பு வாயடைத்துப் போகும்.

எந்தத் தீர்ப்பையும் எடுக்குமுன், அது இன்னும் நிற்கிறதா, மேல்நீதிமன்றம் பிற்பாடு தள்ளிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். அவரே போட்ட விதி. ஒருமுறை அவருடைய தீர்ப்பையும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, எம்புள்ளை யாருக்குப் பொறந்ததுன்னு எங்கிட்டயே விசாரிக்கிறியா?"

அறையே சிரித்தது. குமாஸ்தாவும் சேர்ந்துகொண்டார்.

"இதுக்கெல்லாம் பார்க்க வேணாம். நம்பரைச் சொன்னா எடு, வை. அவ்வளவுதான்."

சரிங்க சார் என்றேன்.

ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. சிலர் எழுந்ததும் ராசிபலன் பார்ப்பது போல, கணினியைத் திறந்ததும் நான் முதலில் அடிப்பது அந்த எண்ணைத்தான்.

போன மாதம் ஒரு காலையில் தலைப்பின் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். அது தவறான தீர்ப்பு, இனிச் செல்லாது என்று மேல்நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சீனியர் அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும்.

கூப்பிடவில்லை. பக்கத்தை மூடினேன். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

பிறகு காத்திருந்தேன். இன்று காலை எண்ணைச் சொன்னார். தீர்ப்பு மட்டும் போதுமா, அதற்குப் பின்னால் நேர்ந்ததும் வேண்டுமா என்று தளம் கேட்டது. தீர்ப்பு மட்டும். எடுத்தேன், வைத்தேன்.

இப்போது அண்ணியின் வக்கீல், என் வயதுப் பெண், உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் எண்ணை அடித்தாள். மூன்று கட்டங்கள். திரையின் சிவப்பு அவளுடைய மூக்குக்கண்ணாடியில் புள்ளியாக விழுந்தது.

எழுந்தாள்.

"ஐயா, இந்தத் தீர்ப்பு போன மாசமே அடிபட்டுப் போச்சு. சார் பார்க்கலை போல."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சீனியரைப் பார்த்தார். "என்ன சார், நூலகத்துல பழைய பதிப்புதான் இருக்கா?"

சீனியரின் காது சிவந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். சொன்னபடி செய்த பிள்ளையின் முகத்தை வைத்துக்கொண்டு நானும் அவரைப் பார்த்தேன்.

நீதிபதி தட்டச்சரிடம் ஆணையைச் சொல்லத் தொடங்கினார். வழக்கு தள்ளுபடி. அண்ணி அந்த வீட்டிலேயே இருக்கலாம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நீதிபதி நடுவில் நிறுத்தினார்.

"அந்தப் பழைய கேஸோட தரப்புப் பேரு சொல்லுங்க சார். ஆணையில எழுதணும்."

சீனியர் கோட்டுப் பையைத் தடவினார். கடைசியில் என் பக்கம் குனிந்தார்.

"பேரு... பேரு என்னம்மா?"

எண் அல்லாத ஒன்றை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் எழுந்தேன். கோப்பைத் திறக்கவில்லை. ஜெயித்தவன் பெயரை முதலில் சொன்னேன். பிறகு தோற்றவள் பெயரை, தட்டச்சருக்குப் பிழை வந்துவிடக் கூடாதென்று நிறுத்தி நிறுத்தி, சீனியரின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் அம்மா என்றுதான் கூப்பிடுவேன்.