பள்ளத்துச் சாமி

"தவளைக்கு எதுக்கும்மா இடம்? கட்டடம் முடிஞ்சா எங்களையே காலி பண்ணச் சொல்றாங்க," என்றான் மாடசாமி தீபாவிடம், மண்வெட்டியை ஊன்றியபடி.

மராத்தி ஊரான நிக்டியில் அந்த அடுக்குமாடி வேலை நடந்த இடத்தில் பழைய கல்குவாரிப் பள்ளம் ஒன்று கிடந்தது. முதல் மழைக்கே முழங்கால் தண்ணீர். ஓரமெல்லாம் தவளை முட்டை. பக்கத்துக் காலனித் தமிழ்ப் பெண் தீபா, கல்லூரியில் உயிரியல் படிப்பவள், தினமும் வந்து பார்த்தாள். இந்த ஜாதித் தவளை சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் மிஞ்சவில்லை, குஞ்சுக்குக் கால் முளைக்கிறவரையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினாள். கான்ட்ராக்டர் பத்ரிநாத் காதிலேயே வாங்கவில்லை. கார் நிறுத்த இடம் வேண்டும், நாளைக்கே மண்ணடித்து மூடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் டிப்பர் ஓட்டி வந்த காசிம் பள்ளத்தருகே பிரேக் போட்டான். கரையில் புதிதாக ஒரு கல் நின்றது. உடம்பெல்லாம் செந்தூரம், தலையில் சாமந்திப்பூ.

"சாமி பக்கத்துல நான் மண்ணைக் கொட்ட மாட்டேண்ணே. அதுவும் என் பேரு காசிம்," என்றான்.

மாடசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சித்தாள் வேலைக்கு வந்த மராத்திப் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள். வேலை நின்றது.

தகவல் கேட்டு ஸ்கூட்டரில் வந்த பத்ரிநாத் கத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டார்.

"ஆஞ்சநேயர் தானாவே வந்திருக்கார். அவரைச் சேத்துலயா நிக்க வெக்கறது? நாளைக்குப் பள்ளத்தை மூடுங்கோ. அது மேலயே கோயில் கட்டிடலாம். கார் எங்க வேணா நிக்கட்டும்."

சாயங்காலம் வந்து அழுத தீபாவிடம் மாடசாமி, சாமி காரியத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அடுத்த நாள் காலை காசிம் மறுபடியும் பிரேக் போட்டான். கரையில் கல் இல்லை. பள்ளத்தின் நட்டநடுவே, பாதி உடம்பு தண்ணீருக்குள் இருக்க, அது நின்றிருந்தது. உச்சியில் ஒரு தவளை.

பத்ரிநாத் வந்து தண்ணீரோரம் நின்று கும்பிட்டார்.

"அவருக்குத் தண்ணிதான் பிடிச்சிருக்கு போல. யாரும் ஒரு கூடை மண்ணு கொட்டப்படாது," என்றார்.

மாடசாமி அவருக்கு டீ வாங்கி வந்து நீட்டினான். கிளாஸில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் செந்தூரம்.