கோட்டுக்குள் ஒரு கைத்தையல்

கோட்டை உள்புறம் வெளியாகத் திருப்பினாள்.

முதலில் அக்குள். பிறகு கழுத்துப்பட்டை. வெளிப்பக்கம் ஆயிரம் பொய் சொல்லும், உள்பக்கத்துக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஜிலானிக்குப் பழைய துணிக் கடை. மிலிட்டரி கோட்டு வந்தால் அவளைக் கூப்பிட்டு அனுப்புவான். ராணுவத்துக்குக் குளிர்கோட்டு தைத்துக் கொடுத்த கம்பெனியில் இருபது வருடம் மெஷின் மிதித்தவள். அசலா போலியா என்று அவள் சொன்னால் சொன்னதுதான்.

இன்று வாங்க வந்தவர் பழைய ராணுவச் சாமான்கள் சேர்க்கிறவர். பூதக்கண்ணாடியும் கையுமாக வந்திருந்தார்.

"டூப்ளிகேட்டுங்க இது. இடது பைக்குள்ள பாருங்க, கையால தச்சிருக்கு. கம்பெனித் தையல் இப்படியா இருக்கும்?"

ஜிலானியின் முகம் சுண்டிவிட்டது.

"நீ சொல்லுக்கா. ஒரிஜினல்தான?"

கழுத்துப்பட்டைக்கு அடியில் மை முத்திரை. மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 1998.

அவள் விரல் இடது பைக்குள் போயிற்று. உள்துணிக்குப் பின்னால் காசு மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

கை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வருடம்தான் அவள் மகன் இன்னாசி பனிமலைக் காவலுக்குப் போனான். அவள் வேளாங்கண்ணிக்குப் போய் ஒரு பொட்டலம் மாதா பதக்கம் வாங்கி வந்தாள். தைக்கிற கோட்டில் எல்லாம் இடது பைக்குப் பின்னால் ஒன்றை வைத்துத் தைத்தாள். கண்டுபிடித்திருந்தால் வேலை போயிருக்கும். எந்தக் கோட்டு எவனுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒன்றாவது அவனுக்குப் போகாதா என்ற நப்பாசைதான்.

இன்னாசி பெட்டியில் வந்தான். கோட்டு வரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கும் மாதாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் ஜிலானி கூப்பிட்டபோதெல்லாம் வந்தாள். பதக்கம் வைத்த கோட்டு ஒன்றாவது கண்ணில் படாதா? அதைப் போட்டவன் என்ன ஆனான் என்று தெரியாதா? என் பிள்ளையைத்தான் மாதா கைவிட்டுவிட்டாள், ஊரார் பிள்ளையையாவது காப்பாற்றினாளா?

இத்தனை வருடத்தில் இதுதான் முதல் கோட்டு.

இன்னாசியுடையதாக இருக்குமோ?

தோள் அகலத்தைச் சாண் வைத்துப் பார்த்தாள். இல்லை. அவன் ஒல்லிக்குச்சி. இதற்குள் இரண்டு இன்னாசி நுழையலாம்.

கைத்தையலைத் தடவினாள். தடித்த பச்சை நூல், கோணல்மாணலாக. ஊசி பிடித்துப் பழகாத கை. யாரோ தையலைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். எந்த ஊர்க்காரனோ, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனோ. பதக்கத்தை எறியாமல், இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு?

கோட்டின் கைகளை இழுத்துப் பார்த்தாள். முழங்கை இரண்டும் தேய்ந்து, ஒட்டுப் போட்டிருந்தது. பூப்போட்ட பழைய புடவைத் துணி. ஓரம் மடித்துப் பொடித்தையல். அதுவும் தேய்ந்து, அதன்மேல் இன்னொரு ஒட்டு.

எந்த ராணுவத்தில் பூப்போட்ட ஒட்டுப் போட விடுவார்கள்?

அந்தத் துணியைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள். ஜிலானி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டான்.

"ஒரிஜினல்தான்" என்றாள். "இவன் வீட்டுக்கு வந்துட்டான்."

வாங்க வந்தவருக்கு முதல் வார்த்தை போதுமாயிருந்தது. பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டுக்காகக் கையை நீட்டினார்.

அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.