வெட்டிய துண்டு

“இவள வெட்டிடு. ஒரு முடி கூடத் தெரியக் கூடாது.”

பூங்கொடியம்மாள் படத்தை மேசைமேல் வைத்து, ஓரத்தில் நின்ற பெண்ணை விரலால் தட்டிக் காட்டினாள். தட்டிய வேகத்தில் படத்துக்கே வலித்திருக்கும்.

பிரேம் கடைக்காரி அம்சா குனிந்து பார்த்தாள். மாமல்லபுரம் கடற்கரை. பூங்கொடியின் கணவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு ஒரு பக்கம் மகன், மறுபக்கம் பூங்கொடி. பூங்கொடியை ஒட்டிக்கொண்டு அந்தப் பெண்.

“யாரும்மா இது?”

“என் மருமவளா இருந்தவ. அனு. கோர்ட்டுல அத்து வுட்டாச்சு.”

கூட வந்திருந்த மகன் சரவணகுமார் தணிந்த குரலில் சொன்னான். “அப்பா போயி ரெண்டு வருஷம் ஆவுதுக்கா. அவரு சிரிச்சா மாதிரி இருக்கிறது இந்த ஒரு படம்தான். வெள்ளிக்கிழம எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள வூட்டுல மாட்டணும். புதுசா வர்ற பொண்ணு இதப் பார்த்தா மனசு சங்கடப்படும் இல்ல?”

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அம்சாவுக்கு எரிச்சல் வந்ததெல்லாம் அம்மாக்காரி மேல்தான்.

செங்கல்பட்டில் அம்சா கடை போட்டு மூன்றே மாதம். சட்டம் அறுக்கும் மிஷின், காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் துப்பாக்கி, அட்டை வெட்டும் கருவி, எல்லாமே பாரிமுனை வரைக்கும் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கியவை. எல்லாம் புதுசு. அவள் கோபம் மட்டும் பழசு. வேலை கற்ற நாளிலிருந்து அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. கண்ணாடியை வெட்டுவாள், கட்டையை வெட்டுவாள். மனுஷர்கள் இருக்கிற படத்தில் கத்தி வைக்க மாட்டாள்.

“வெட்ட வேணாம்மா. அட்டையில சன்னல் மாதிரி ஓட்ட போட்டு, படத்து மேல வெச்சுடறேன். நீங்க மூணு பேரு மட்டும் தெரிவீங்க. அந்தப் பொண்ணு அட்டைக்கு அடியில போயிடும். பார்க்கவும் லட்சணமா இருக்கும்.”

“மறைக்கிற வேலையெல்லாம் வேணாம். வெட்டு. வெட்டின துண்ட பத்திரமா எடுத்து வெச்சு எங்கிட்ட குடு. என் கையாலயே அடுப்புல போடணும்.”

“யம்மா, கொஞ்சம் சும்மா இரேன்” என்றான் மகன்.

அம்சா வாயைத் திறந்தால் சண்டை வந்துவிடும். ஆகட்டும் என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, தான் நினைத்தபடியே செய்தாள். அனு அட்டைக்கு அடியில் போனாள். என்றைக்காவது அந்த வீட்டில் யாருக்காவது மனசு இளகினால், பிரித்துப் பார்க்க அவள் முழுசாக இருக்கட்டும்.

புதன்கிழமை பூங்கொடி மட்டும் வந்தாள். செய்யூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். பிரேமை வாங்கி, கணவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லா கீது” என்றாள். உடனே கையை நீட்டினாள்.

“துண்டு எங்க?”

“அது… குப்பையில போட்டுட்டேன்மா.”

“எந்தக் குப்பையில?”

அம்சா பதில் சொல்வதற்குள் பூங்கொடி மேசைக்கு அடியில் இருந்த தொட்டியை இழுத்துக் கவிழ்த்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, மரத்தூளையும் அட்டைத் துணுக்குகளையும் இரண்டு கையாலும் துழாவினாள்.

“யம்மா, கண்ணாடிச் சில்லு இருக்கும், கைய எடுங்க! நான் வெட்டவே இல்ல. அந்தப் பொண்ணு அட்டைக்குப் பின்னாடிதான் கீது.”

பூங்கொடி நிமிர்ந்து பார்த்தாள். “வெட்டலியா? அப்போ இப்ப பிரி. என் கண்ணு முன்னாடி வெட்டு.”

அம்சாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னாம்மா நீங்க? அத்து வுட்டாச்சு, பொண்ணும் போயிடுச்சு. அப்புறமும் இன்னா அப்படி ஒரு வன்மம்? படத்தக் கொளுத்தினாத்தான் மனசு ஆறுமா உங்களுக்கு?”

“பிரிம்மா” என்றாள் பூங்கொடி.

குறடை எடுத்து ஆணிகளைப் பிடுங்கினாள் அம்சா. பின்பலகையைக் கழற்றி, படத்தை உருவி, மேசைமேல் போட்டாள். கத்தியையும் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் கொள்கை இந்தப் பொம்பளையால் போகிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

“நல்லாப் பாருங்க. உங்க தோள்மேல எவ்ளோ ஆசையா கைய வெச்சிகினு நிக்குது. எங்க வெட்டணும்? நீங்களே கோடு காட்டுங்க.”

பூங்கொடி எழுந்து வந்தாள். முந்தானையில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டு படத்தைத் தொட்டாள். அப்புறம் இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்துத் திறந்து, கத்திக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

“அடுப்புல போடறேன்னு பையனுக்காவ சொன்னது கண்ணு. போன்ல இருந்ததெல்லாம் அவன் அழிச்சுட்டான், எங்கிட்ட அவ படம் வேற இல்ல. அட்டைக்குப் பின்னாடி இருந்தா நான் எப்படிப் பார்ப்பேன்? என் தோளு போனா போவட்டும், அவ கைய மட்டும் வெட்டிடாத.”