உள்ளறையில்தான் சிக்னல்

செல்போன் டவரிலிருந்தே வீட்டுக்கு நெட் தரும் பெட்டியை மாட்ட வந்தவன் மேல் நித்யாவுக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். கூடத்தில் நின்று தன் போனைப் பார்த்துவிட்டு, "இங்கிட்டு சிக்னல் பத்தாதுங்க," என்றான். அடுப்படியிலும் அதையே சொன்னான். மாமியார் மூக்காயி படுத்திருந்த உள்ளறைக்குள் நுழைந்ததும், "இங்கதாங்க நல்லா எடுக்குது. 5ஜி அலை கனத்த சுவரைத் தாண்டி வராது. ஜன்னல்கிட்ட வைக்கணும்," என்றான்.

"கூடத்துலயும் ஜன்னல் இருக்கே?"

அவன் அதற்குள் கட்டிலோர ஜன்னலருகே ஆணி அடிக்க ஆரம்பித்திருந்தான். பெட்டியை மாட்டி முடித்த பிறகும் அவன் கிளம்பவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். நித்யா சொம்போடு திரும்பியபோது, கட்டிலில் குனிந்து மாமியாரின் காதருகே கையைக் கொண்டுபோயிருந்தான். காதில் கிடந்தது தங்கத் தோடு.

"கைய எடுய்யா. எங்க வீட்டுக்காரரைக் கூப்புடுறேன்," என்று நித்யா போனை எடுத்தாள்.

"கூப்புடாத ஆத்தா," என்றாள் மூக்காயி. அவன் கையை அவள்தான் கெட்டியாகப் பிடித்திருந்தாள். "இவன் இந்த வேலையில சேந்துருக்கான்னு கேள்விப்பட்டுத்தான், நெட்டு வேணும்னு நான் அடம்புடிச்சதே."

"யாரு அத்தை இவரு?"

"எம் மூத்த மகன். பிடிச்ச பொண்ணைக் கட்டுனான்னு நீ வர்றதுக்கு முன்னாலயே வெரட்டிட்டாக. 'அண்ணன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னுதானே ஒம் புருஷன் சொல்லிருக்கான்? நெட்டு மாட்ட வர்ற ஆளை ஒண்ணும் சொல்லலையே."