பதின்மூன்றாவது வீடு

அவள் கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள்.

தீக்குச்சி. கொண்டை ஊசி. துணி காயப்போடும் கிளிப். சீப்பின் உடைந்த பல். நான்காக மடித்த பஸ் டிக்கெட்.

இன்னும் விழுந்துகொண்டே இருந்தன.

சனிக்கிழமை காலை. குளித்து, திருநீறு பூசி, பேப்பரைப் பிரித்திருந்தேன்.

"என்னம்மா இது?"

"பன்னெண்டு வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தனுங்க மாமா. நம்ம பூட்டுல சொருகி வச்சிருந்தது."

கோகிலவாணி என் மூத்த மருமகள். கம்பெனிக்கு வருகிறாள். அதை நான் தடுத்ததில்லை. ஆனால் என்னைக் கேட்காமல் ஊரார் அடுப்படிகளில் போய் நின்றிருக்கிறாள்.

எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படி நிற்பதில்லை.

மாவரைக்கும் கிரைண்டர் செய்வது எங்கள் குடும்பத் தொழில். அப்பா காலத்து மெஷினில், அவிநாசிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகு அப்பா அந்த ஊர் வழியாகப் போகவே இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

அதற்காகத்தான் இந்தப் பூட்டு. என் கையால் வரைந்தது. மூடி மூடியிருந்தால்தான் கல் சுற்றும். திறந்தால் நின்றுவிடும்.

மூடியின் மேல் அப்பாவின் பெயர்.

புது மெஷினை முதலில் நூறு வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். குறை நிறை எழுதக் கொடுத்த நூறு அட்டைகளும் திரும்பி வந்தன. குறை ஒன்றும் இல்லை. நூறிலும் அதுவே. திங்கட்கிழமை கடைகளுக்கு லாரி கிளம்புகிறது.

"அட்டையில நல்லபடியாத்தான எழுதியிருக்காங்க?"

"எழுதுனது பூராவும் ஆம்பளைங்க மாமா. அரைக்கறது அவங்க இல்லீங்களே."

வீட்டுத் தலைவர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும் என்று சொன்னது நான்தான். அதுதான் முறை.

"உளுந்து அரைக்கையில நடுவுல நடுவுல தண்ணி தெளிக்கோணும். ஓரத்துல ஏறுன மாவைத் தள்ளி விடோணும். ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்தா கல்லு நின்னு போகுது. அரை மணி வேலை ஒன்றரை மணி இழுக்குது. அதான் எதையாவது சொருகிப் பூட்டை ஏமாத்திப்போட்டு, தொறந்து வச்சே ஓட்டறாங்க."

"புத்தி கெட்டவங்களுக்கெல்லாம் மெஷின் செய்ய முடியுமா?"

அவள் கிளிப்பை மட்டும் தனியே நகர்த்தினாள்.

"கரண்டு போனா சுவிட்சை அணைக்க ஞாபகம் வர்றதில்ல மாமா. அப்பிடியே கைய உட்டு மாவை வழிக்கறாங்க. கரண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? இந்தக் கிளிப்பை ஒரு அக்கா வலது கைய முந்தானையில மறைச்சுட்டு எடது கையிலதான் எடுத்துக் குடுத்தாங்க."

நீலக் கிளிப். அதன் பல்லில் ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது.

மாவாகத்தான் இருக்கும். நான் உற்றுப் பார்க்கவில்லை.

உள்ளே சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. புது மெஷினில் முதலாவது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று மாதமாகச் சனிக்கிழமைதோறும் என் மனைவி அதில் அரைக்கிறாள். கல் உருளும் கடகடப்பு. அதனூடே அவளுடைய வளையல்கள் எவர்சில்வரில் உரசும் மெல்லிய கிணுகிணுப்பு.

லட்சுமிகரமான சத்தம் என்று நினைத்திருந்தேன்.

கோகிலவாணியின் நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. பன்னிரண்டு பெயர்கள். பன்னிரண்டு ஊர்கள். கீழே பதின்மூன்று என்ற எண் மட்டும். எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"இது யார் வீடு?"

அவள் நோட்டை மூடினாள்.

"அந்த வீட்டுல குடுக்க மாட்டேன்னுட்டாங்க மாமா. 'அவரு ஆசை ஆசையாச் செஞ்ச பூட்டு. அவருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு'ன்னாங்க."

பையை எடுத்துக்கொண்டாள். மேசையில் கிடந்தவற்றை எடுக்கவில்லை.

"லாரி போறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்."

கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது.

உள்ளே கல் உருண்டது. வளையல் கிணுங்கியது.

மூடிய மூடிக்குள் வளையல் எப்படிக் கிணுங்கும்?

மூன்று மாதமாக இதைக் கேட்டுக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன்.

கரண்ட் போனது.

விசிறி தளர்ந்து நின்றது. கல் நின்றது.

வளையல் நிற்கவில்லை. எவர்சில்வரில் விரல்கள் வழிக்கும் சத்தம். அவசரமே இல்லாமல், சுற்றிச் சுற்றி, கல்லுக்கு அடியில்.

எங்கள் வீட்டு ஆண்கள் சமையலறையை நோக்கிக் கத்துவதில்லை. நாற்பத்தொரு வருடங்களில் நான் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பேன். வந்து நிற்பாள்.

கையை எடு என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். அதைச் சொன்னால் என் பூட்டைப் பற்றிச் சொன்னதாகிவிடும்.

"இந்தா!"

"இருங்க, கையெல்லாம் மாவு" என்றாள் உள்ளிருந்து. "வழிச்சுப்போட்டு வர்றேன்."

எழுந்தேன்.

தலைக்கு மேல் விசிறியின் இறக்கை அசைந்தது.