உள்ளே விட்ட துணி

உடம்பு இளைத்ததும் பூங்கோதை முதலில் ஓடியது நசீமா அக்காவின் தையல்கடைக்குத்தான். ஆசையாக வாங்கிய அரக்கு ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது. அக்கா பக்கத்துக்கு இரண்டு விரல் அகலம் பிடித்துத் தைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள்.

"மிச்சத்தை வெட்டிடறேன்டி. உள்ள கெடந்தா உறுத்தும்."

பூங்கோதை பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "வேணாங்க்கா, இருக்கட்டும். என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தெருவே அவளைப் பார்த்து வாயைப் பிளந்தது. "யாரோன்னு நெனச்சேன்" என்றார்கள். கண்ணாடி முன்னால் நின்றால் அவளுக்கும் யாரோ விருந்தாளி வந்து நிற்பதுபோலத்தான் இருந்தது. விருந்தாளி எத்தனை நாள் தங்குவாள்? விலாவில் அந்த மடிப்பு உறுத்திக்கொண்டே கிடந்தது.

அடுத்த பொங்கலுக்கு ரவிக்கையின் கொக்கி எட்டவில்லை. அக்கா பக்கத் தையலைப் பிரித்தாள். துணியெல்லாம் வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்திருக்க, உள்ளே மடிந்து கிடந்த பட்டை மட்டும் வாங்கிய அன்றிருந்த நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"நல்லவேளை, அன்னிக்கு வெட்டல" என்றாள் அக்கா.

பூங்கோதை அந்தப் பட்டையை விரலால் தடவினாள்.

"வெட்டியிருக்கலாம்க்கா. எடம் இருக்குன்னுதானே ஒடம்பு திரும்பி வந்துச்சு."